விதைக்கு விட்ட காய்

இங்கிலாந்தில் ஆகஸ்டு மாதம் கழிந்து செப்டம்பர் பிறந்ததும், எட்டடிக் கழிகளின் உச்சிவரை ஏறிப் படர்ந்து, செந்நிறப் பூவும் நீண்ட பச்சைக் காயுமாகப் பொலிந்து நிற்கும் ரன்னர் பீன்ஸ் கொடிகளைக் காண்பவர், இனி இவற்றிற்குச் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை, காய்க்கும்வரை பறித்துக்கொண்டிருந்தால் போதும் என்றே எண்ணுவர். மே மாதத்தில் விதை ஊன்றிக் கழி நாட்டுவார்கள். ஆனால், இக்கொடியை வளர்ப்பவரின் விவேகம் வெளிப்படுவது விதைக்கும் நாளில் அன்று, பருவம் முடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் என்பது என் அபிப்பிராயம்.

மெக்ஸிகோ, குவாத்தமாலா தேசங்களின் குளிர்ந்த மலைப் பிரதேசங்களே இதன் தாயகம். அங்கே இது பல ஆண்டுகள் வாழும் கொடி. மேலே தண்டு பட்டுப்போனாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருந்து மறுபடியும் தளிர்க்கும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்த இதனை முதலில் பூவின் அழகுக்காகவே வளர்த்தார்கள். காயைச் சமைத்து உண்ணும் வழக்கம் பிற்பாடு ஏற்பட்டது. கடுமையான உறைபனி ஒருமுறை விழுந்தாலே இலையெல்லாம் கருகிவிடுவதால், அந்நாட்டார் இதனை ஒரே வருஷத்துப் பயிராக நடத்துகிறார்களேயன்றி, ஒரு வருஷத்தில் மாய்வது இதன் சுபாவமன்று.

கொடி காய்ப்பது நமக்காக அன்று, தன் சந்ததிக்காக. காய்க்குள் விதை திரளத் தொடங்கிவிட்டால், அது தன் சக்தி முழுவதையும் அவ்விதையிலே செலுத்திப் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொண்டுவிடுகிறது. ஆகையால் பிஞ்சுக் காயை விரும்புகிறவர், ஏழெட்டு அங்குலம் நீண்டவுடனே, உள்ளே விதை புடைப்பதற்கும் ஓரத்தில் நார் ஏறுவதற்கும் முன்பாக, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, வீட்டுக்குத் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், பறித்தே ஆக வேண்டும். இலை மறைவில் தப்பி முற்றிய காய்களையும் தேடிக் களைய வேண்டும். வேரடியில் ஈரம் வற்றினால் பூ உதிரும்; பூவின்மேல் தண்ணீர் தெளிக்கும் பழைய வழக்கத்தைவிட, வேருக்கு நிறைய ஊற்றி, மட்கிய எருவைப் பரப்பி அந்த ஈரத்தைக் காப்பதே மேலானது. இவ்வாறு நடத்தினால் செப்டம்பர் முழுதும், பனி தாமதித்தால் அக்டோபரிலும் காய் கிடைக்கும். மிகுந்த காயை முற்காலத்து இல்லத்தரசிகள் நறுக்கி, மூன்று பவுண்டுக் காய்க்கு ஒரு பவுண்டு உப்பு என்ற கணக்கில், ஜாடிகளில் அடுக்கடுக்காக இட்டுக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். இப்போது அந்த வேலையை உறைபதனப் பெட்டி செய்கிறது.

இதே கொடியை ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்தார் நேர்மாறாக நடத்துகிறார்கள். மக்காச்சோளத்தின்மேல் இதனை ஏறவிட்டு, காய்கள் தாமாகவே காய்ந்து சருகாகும்வரை காத்திருந்து, ஊதாவில் கருமை விரவிய பெரிய விதைகளை எடுத்து, வேகவைத்து, வெங்காயமும் பூசணிவிதை எண்ணெயும் சேர்த்து உண்கிறார்கள். இவ்விதையைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பது வாந்தியையும் வயிற்றுப் போக்கையும் உண்டாக்கும் என்பதால், இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைப்பது அவசியம்.

காயும் விதையும் ஒரே கொடியில் ஒருங்கே நிறைவாகக் கிட்டா என்பதனால்தான், பெரும்பாலான தோட்டக்காரர் செய்யும் ஒரு காரியம் எனக்குச் சம்மதமாக இல்லை. பருவம் முழுதும் நல்ல காய்களைப் பறித்து உண்டுவிட்டு, அக்டோபரில் கை சலித்த பின் எஞ்சிக் கிடப்பவற்றை "இவை விதைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காய்கள் முற்றுவதற்குள் பனி விழுந்துவிடும். முற்றினாலும் எந்தக் கொடியில் விளைந்தவை, அது நன்றாகக் காய்த்த கொடியா என்பது ஒருவருக்கும் தெரியாது. மற்றவற்றைவிட முந்திப் பூத்து, நீண்ட மெல்லிய காய்களாகக் காய்த்த இரண்டொரு கொடிகளைக் கோடையிலேயே தேர்ந்து, கயிறு கட்டி அடையாளமிட்டு, அவற்றின் காய்களில் கை வைக்காமல் விடுவதே முறை. ஒரு சங்கதியை மறக்கலாகாது. இப்பூவின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொடிக்குக் கொடி கொண்டு சேர்ப்பதால், பக்கத்துத் தோட்டத்தில் வேறு ரகம் இருந்தால் கலப்பு நேரும். செம்பூக் கொடியின் விதையிலிருந்து வேறு நிறப் பூவுடைய கொடி வந்தால் வியப்பதற்கில்லை.

காய் காகிதம்போல் உலர்ந்து, குலுக்கினால் விதை கலகலக்கும்போது பறிக்க வேண்டும். அதற்கு முன்பே பனி வரும்போல் தோன்றினால், கொடியை வேரோடு பிடுங்கிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டால், பழுக்கத் தொடங்கிய காய்கள் அங்கேயே உலர்ந்து முதிரும்.

ஏனைய கொடிகளைப் பனி கருக்கிய பிறகு தரைமட்டமாக அறுத்து எருக்குழியில் இடலாம். வேரை மண்ணில் விட்டால் அதன் முடிச்சுகளிலுள்ள நைட்ரஜன் முழுவதும் நிலத்துக்கு வந்து சேரும் என்பது சற்று மிகையான நம்பிக்கை. அதில் பெரும்பங்கு காய்க்கும் விதைக்கும் போய்விடுகிறது. எஞ்சியது அழுகி மண்ணை வளப்படுத்தும் என்ற அளவில் அது நல்லதே.

ஆனால் எல்லா வேரையும் விட்டுவிட வேண்டுமென்பதில்லை. மெக்ஸிகோவிலிருந்தே வந்த டாலியாவின் கிழங்கை இலையுதிர்காலத்தில் பக்தியோடு தோண்டி எடுத்து வைக்கும் அதே கைகள், இந்தக் கிழங்கை மட்டும் ஏன் புறக்கணிக்கின்றன? சிறந்த கொடிகளின் கிழங்குகளைக் காயம் படாமல் அகழ்ந்து, இலேசான ஈரமுள்ள மணலில் புதைத்து, பனி புகாத அறையில் வைத்து, ஏப்ரலில் தொட்டியில் நட்டு வீட்டுக்குள்ளே தளிர்க்கவிட்டு, பனி பயம் நீங்கிய மே மாதக் கடைசியில் நத்தைகள் அண்டாதபடி காத்து வெளியே நட்டால், அவ்வருஷம் விதைத்த கொடிகளுக்கு முன்னதாகவே அவை காய்க்கத் தொடங்கும்.