ஷாக் மாத்தியாச்சு... அப்புறம் ஏன் ‘டக்’னு சத்தம்?

வீட்டிலேயே கார் வேலை பார்க்கிறவங்களுக்கு ரெண்டு வகைச் சத்தம் தெரியும். ஒண்ணு, வேலைக்கு முன்னாடியே இருந்தது. அதுக்காகத்தான் காரையே பிரிச்சிருப்போம். இன்னொண்ணு, வேலை முடிஞ்ச பிறகு புதுசா வந்தது. ரெண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். புது பார்ட்ஸ் போட்டாச்சு, கையில இருந்த காசும் போயாச்சு, நாளைக்குக் காலையில அதே கார்ல வீட்டு ஆளுங்க கிளம்பணும்.

இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது சத்தத்தைப் பற்றியது. சொல்ல வர்றது ஒரே விஷயம்தான்: வேலைக்குப் பிறகு வந்த சத்தத்தை, இன்னொரு பார்ட் வாங்கித் தேடாதீங்க. நீங்க கை வெச்ச இடத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வாங்க.

ஒரு உதாரணத்தை வெச்சுக்குவோம். உங்க வீடு ஒதியம்பட்டுல. வாசல்ல பத்து வருஷம் ஓடின ஒரு சின்ன கார். ஞாயித்துக்கிழமை நீங்களும் அண்ணனுமா முன்பக்க ரெண்டு ஸ்ட்ரட், லிங்க் ராடு, இடது பக்க லோயர் ஆர்ம் எல்லாம் மாத்திட்டீங்க. திங்கட்கிழமை அப்பா வில்லியனூர் வரைக்கும் போயிட்டு வந்து, “முன்னாடி ஏதோ டக்குனு அடிக்குதுப்பா”ங்கிறார். எங்கேர்ந்து தொடங்குறது?

உள்ளே யார் யார் இருக்காங்க?

இன்னைக்கு நம்ம ஊர் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் உருவாக்கிய அமைப்பு இது. 1950-இல் பிரிட்டிஷ் ஃபோர்டு நிறுவனத்தின் கான்சல், ஸெஃபர் கார்களில் வந்தது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை, ரப்பர் மவுன்டிங் வழியா பாடியில் உட்காரும். கால், ரெண்டு போல்ட்ல நக்கிளைப் பிடிக்கும். நக்கிளின் அடியில் பால் ஜாயின்ட், அதிலிருந்து லோயர் ஆர்ம், ஆர்மின் மறுமுனையில் ரப்பர் புஷ். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைப்பது ஸ்டெபிலைசர் பார். அதன் ரெண்டு முனையிலும் லிங்க் ராடு.

சத்தம் பெரும்பாலும் ரெண்டு காரணத்தால வரும். ரெண்டு இரும்புக்கு நடுவுல இருக்கக் கூடாத இடைவெளி இருக்கணும், இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு இருக்கணும்.

முதல்ல டிக்கியைத் திறங்க

சிரிக்காதீங்க. வேலை முடிச்ச களைப்புல ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எங்கே போட்டீங்க? அதுக்குன்னு இருக்கிற இடத்துல இறுக்கி வைக்காம சும்மா போட்டிருந்தா, ஒவ்வொரு பள்ளத்துலயும் அதுதான் அடிக்கும். ஸ்டெப்னி டயர் கிளாம்ப் லூஸா இருந்தாலும் அப்படித்தான். எல்லாத்தையும் வெளியே எடுத்து வெச்சிட்டு ஒரு ரவுண்டு போங்க.

அடுத்து வீல் நட்டு. காரை நிறுத்தி, எல்லா நட்டையும் ஸ்பேனரால் ஒரு தடவை பாருங்க. வேகம் கூடக் கூட ‘கடகட’ங்கிற சத்தமும் வேகமாகுது, ஸ்டியரிங்கும் ஆடுதுன்னா, அதுக்கு மேல ஒரு அடிகூட ஓட்டாதீங்க.

எப்போ வருது? எப்படி வருது?

கேபினுக்குள்ள உட்கார்ந்து காதை வெச்சே இடத்தைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். காத்துல ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எஃகுல சுமார் 5,000 மீட்டர். இடது சக்கரத்துல அடிச்சது பாடி முழுக்கப் பரவி, டேஷ்போர்டுக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேட்கும். அதனால ‘எங்கேர்ந்து’ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி ‘எப்போ’ன்னு கேளுங்க.

• மெதுவாப் போகும்போது சின்னச் சின்னக் குழியில் ‘டக் டக்’: லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ்.
• பிரேக் பிடிக்கும்போதோ, நின்னு கிளம்பும்போதோ ஒரே ஒரு ‘கட்’: லோயர் ஆர்ம் போல்ட், நக்கிள் போல்ட். பிரேக் பேடையும் பார்க்கணும்.
• நின்ன இடத்துல ஸ்டியரிங்கைத் திருப்பினா ‘டொய்ங்’: ஸ்பிரிங் முனை அதன் பள்ளத்தில் சரியா உட்காரலை, அல்லது ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கிற பேரிங்.
• கார் இறங்கி ஏறும்போது ‘கிறீச்’: ரப்பர் புஷ்.
• முழுசாத் திருப்பி ஓட்டும்போது மட்டும் ‘டக் டக் டக்’: டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். இது சஸ்பென்ஷனே இல்லை.
• வேகத்தோட சேர்ந்து ஏறுற ‘உம்ம்’: வீல் பேரிங்.

இதுல எதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரே ரோடு, ஒரே வேகம். லேப்ல ரீடிங் எடுக்கிற மாதிரிதான்.

இப்போ ஒரு எளிய சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல ஒரு வேகத்தடையை 10 கிலோமீட்டர் வேகத்துல நேராக ஏறுங்க. ரெண்டு முன்சக்கரமும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும். அடுத்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஒரு சின்னப் பள்ளத்துல இறங்குற மாதிரி ஓட்டுங்க. முதல்ல சத்தம் இல்லை, ரெண்டாவதுல மட்டும் வருதுன்னா லிங்க் ராடு மேல சந்தேகம் பலமாகுது. ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுங்காது, சும்மா சுழலும். அதனால லிங்க் ராடுல விசை குறைவு. ஒரு சக்கரம் மட்டும் ஏறினா பார் முறுங்கும், அந்த விசை முழுக்க லிங்க் ராடு வழியாத்தான் போகும். லிங்க் ராடு நட்டு அரை சுத்து குறைவா இருந்தாலே போதும், ‘டக்’!

சந்தேகத்தை உறுதிப்படுத்த சில மெக்கானிக்குகள் ரெண்டு லிங்க் ராடையும் கழற்றி, மெதுவா ஒரு நூறு மீட்டர் ஓட்டிப் பார்ப்பாங்க. ஆனா மேக்பெர்சனின் பழைய வடிவமைப்பைப் பின்பற்றும் கார்களில், ஸ்டெபிலைசர் பாரே ஆர்மை முன்பின் நகராம பிடிச்சுக்கிட்டு இருக்கும். அந்த மாதிரி காரில் பாரைக் கழற்றி ஓட்டவே கூடாது. உங்க கார் எந்த வகைன்னு தெரியாம இதைச் செய்யாதீங்க.

கையால் கேளுங்க

காரைத் தரையில நிறுத்தி, அண்ணனை முன்பக்க மூலையை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்க. நீங்க பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் விரலை வையுங்க. மேல் நட்டு லூஸா இருந்தா விரலுக்கே ‘கிளிக்’ தெரியும். இந்த நட்டு ஏமாத்தும். ராடு கூடவே சுத்தும், நாம இறுகிடுச்சுன்னு நினைப்போம். ராடின் உச்சியை ஆலன் கீயால் பிடிச்சுக்கிட்டுத்தான் நட்டை இறுக்கணும். அடுத்து லிங்க் ராடைத் தொட்டுப் பாருங்க. ஸ்பிரிங் சுருளுக்குள் மட்டும் விரல் போகக் கூடாது.

பிறகு சக்கரத்தைத் தூக்கிப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் ஓடும்போது முட்டுக்கட்டை போடுறவங்களைப் பார்த்திருப்பீங்க. அத்தனை பெரிய தேரை நிறுத்துறது அந்தக் கட்டைதான். நம்ம காருக்கும் பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்க. ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லை. ஸ்டாண்டு போடாம காருக்கு அடியில தலையைக் கொண்டு போகாதீங்க.

தூக்கின சக்கரத்தை மேலும் கீழுமாப் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங் பக்கம் போங்க. நிக்கலைன்னா பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட்டைப் பாருங்க. இடமும் வலமுமா ஆட்டும்போது மட்டும் லூஸ்னா டை ராடு எண்ட்.

‘இறுக்கினேன்’னா எவ்வளவு?

ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் பிடிக்கிற ரெண்டு போல்ட்டை எடுத்துக்குங்க. போல்ட்டுக்கும் துளைக்கும் கொஞ்சம் இடைவெளி உண்டு. அந்த இணைப்பை நகராமப் பிடிச்சிருக்கிறது போல்ட்டின் உடம்பு இல்லை. போல்ட் இழுக்கிற இழுப்பால் வர்ற உராய்வு. மெஷின் டிசைன்ல படிச்ச சூத்திரம்தான்: இழுப்பு விசை வேணும்னா, டார்க்கை 0.2-ஆலும் போல்ட் விட்டத்தாலும் வகுக்கணும்.

12 மி.மீ. போல்ட், 90 நியூட்டன் மீட்டர் டார்க்னு வெச்சுக்கிட்டா, 37,500 நியூட்டன். ஏறக்குறைய 3.8 டன் எடைக்குச் சமம். உராய்வுக் கெழு 0.15, ரெண்டு முகம் உரசுதுன்னா, ஒரு போல்ட் 11,250 நியூட்டன் வரைக்கும் வழுக்காமப் பிடிக்கும். அதே போல்ட்டைக் குட்டி ஸ்பேனரால் 30 நியூட்டன் மீட்டரோட விட்டா, பிடிமானம் 3,750 நியூட்டன்தான். குழியில் டயர் இடிக்கும்போது அது போதாமப் போகலாம். இணைப்பு அரை மி.மீ. வழுக்கும். அப்பா கேட்ட அந்த ஒத்தைச் சத்தம் அதுவாக இருக்கலாம். வழுக்கினா சக்கரத்தின் கோணமும் மாறும், டயர் ஒரு பக்கம் தேயும்.

இந்த எண்கள் கணக்கு புரியறதுக்காக. உங்க காருக்கான டார்க் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரென்ச் இல்லேன்னா கடன் வாங்குங்க, கண்மதிப்புல முடிக்காதீங்க.

தொங்கும்போது இறுக்கின புஷ்

எல்லா போல்ட்டும் சரி, ஆனா ‘கிறீச்’ போகலையா? அப்போ லோயர் ஆர்மை எந்த நிலையில் இறுக்கினீங்கன்னு யோசிங்க. புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கும், வெளிக்குழாய் ஆர்மோட இருக்கும். நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுங்குது. எதுவும் வழுக்குறது இல்லை.

ஆர்ம் நீளம் 350 மி.மீ., சக்கரம் தொங்கும்போது 80 மி.மீ. கீழே போகுதுன்னு வெச்சுக்குங்க. கோணம் சுமார் 13 டிகிரி. தொங்குற நிலையிலேயே போல்ட்டை இறுக்கிட்டா, காரைத் தரையில இறக்கின நிமிஷத்துலேர்ந்து ரப்பர் 13 டிகிரி முறுங்கியே நிற்கும். குழியில் சக்கரம் இன்னும் 60 மி.மீ. மேலே போனா மொத்தம் 23 டிகிரி. கார் இருக்க வேண்டிய உயரத்தில் இறுக்கியிருந்தா 13-ஐத் தாண்டியிருக்காது. முறுங்கின ரப்பர் முனகும், சீக்கிரம் கிழியும்.

இதுக்குப் புது புஷ் வாங்க வேண்டாம். ஸ்டாண்டு மேல கார் இருக்கும்போது, ஆர்மின் வெளிமுனைக்கு அடியில ஜாக்கி வெச்சு, கார் ஸ்டாண்டை விட்டு லேசா எழும்பப் பார்க்கிற வரைக்கும் தூக்குங்க. புஷ் போல்ட்டைத் தளர்த்தி, ரப்பர் இயல்பா உட்கார விட்டு, மறுபடி டார்க் போட்டு இறுக்குங்க. லிங்க் ராடு மாட்டும்போதும் ரெண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கணும்.

எங்கே நிறுத்தணும்?

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். நாலு நட்டை ஒண்ணா இறுக்கி சத்தம் நின்னா சந்தோஷம்தான், ஆனா எது காரணம்னு தெரியாது. அது திரும்ப வந்தா திரும்ப முதல்லேர்ந்து.

பால் ஜாயின்ட்ல ஆட்டம், நக்கிள் போல்ட் மரை போனது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ‘ஓட்டிப் பார்த்து’ சோதிக்க வேண்டாம். பால் ஜாயின்ட் கழன்றா சக்கரம் வெளியே சாஞ்சிடும், ஸ்டியரிங் கையில இருந்தும் பிரயோஜனம் இல்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்க. நோட்டுல எழுதினதைக் காட்டுங்க. ‘ஏதோ சத்தம் வருது’ன்னு சொல்றதுக்கும், ‘இடது சக்கரம் மட்டும் இறங்கும்போது வருது, நேரா ஏறும்போது இல்லை’ன்னு சொல்றதுக்கும் அவருக்கு அரைநாள் வித்தியாசம்.

சத்தம் நின்னுடுச்சா? இறுக்கின ஒவ்வொரு நட்டு மேலயும், பக்கத்து இரும்பு மேலயும் சேர்த்து நெயில் பாலிஷால ஒரு கோடு போடுங்க. 50 கிலோமீட்டர் ஓடின பிறகு டார்ச் அடிச்சுப் பாருங்க. கோடு நேரா இருந்தா நட்டு நகரலை. வீல் நட்டையும் அப்போ இன்னொரு தடவை பாருங்க, அலைன்மென்ட்டும் செக் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் சாவியை அப்பாகிட்ட கொடுங்க.

உங்க வீட்டுக் கார்ல கண்டுபிடிச்ச விசித்திரமான சத்தம் ஏதாவது இருந்தா, எப்போ வந்தது, எதனால நின்னதுன்னு அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க மக்களே.