எல்பின்ஸ்டன் கல்லூரி

மும்பையில் வாழும் தமிழ் மக்களுக்கு எல்பின்ஸ்டன் என்னும் பெயர் புதிதன்று. அப்பெயரைத் தாங்கியிருந்த ரயில் நிலையம் 2018-ஆம் ஆண்டில் பிரபாதேவி என மாற்றம் பெற்றது. காலாகோடாவிலுள்ள அரசினர் கல்லூரியோ இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. நிலையமும் கல்லூரியும் ஒருவரையே நினைவூட்டுவன என்று பலர் கருதுவர். உண்மையில் அவர்கள் இருவர்; சிறிய தந்தையும், அவருடைய தமையனாரின் மைந்தரும் ஆவர். இவ்விருவரையும் அறிந்துகொண்டால், மும்பைக் கல்லூரியின் வரலாற்றுக்கும் நம் சென்னைக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

மூத்தவரான மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1819 முதல் 1827 வரை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அவர் விடைபெற்றபோது, அவர் நினைவாகப் பேராசிரியர் பதவிகளை நிறுவ நகர மக்கள் நிதி திரட்டினர். சேர்ந்த தொகை இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டது. 1835-இல் பேராசிரியர் இருவர் பிரிட்டனிலிருந்து வந்து சேர்ந்தனர். 1856-இல் பள்ளிப் பிரிவினின்றும் கல்லூரி தனியே பிரிந்தது. 1860-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

இளையவரான ஜான் எல்பின்ஸ்டன் பிரபு 1837 முதல் 1842 வரை சென்னையின் கவர்னர். 1839-இல் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று அவரிடம் அளிக்கப்பட்டது. உயர்கல்வி வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் பயனாக 1841-இல் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1853-இல் இவர் பம்பாய்க்குக் கவர்னரானார். ரயில் நிலையம் கொண்டிருந்தது இவர் பெயரையே.

பம்பாயில் நன்கொடை, சென்னையில் விண்ணப்பம். வழி வேறாயினும் இரு கல்லூரிகளும் மக்கள் கேட்டுப் பெற்றவையே என்பதை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

கல்வி எவர்க்குப் பயன்பட்டது என்பதே அடுத்த வினா. இளமையிலேயே தந்தையை இழந்த தாதாபாய் நௌரோஜி, கட்டணமின்றிக் கிடைத்த கல்வியால் உயர்ந்தார். 1850-களில் இங்கேயே கணிதப் பேராசிரியராகி, அப்பதவியை வகித்த முதல் இந்தியர் என்னும் பெருமையை அடைந்தார். பொதுமக்கள் பொருளால் கற்றோம், அக்கடனைப் பொதுத் தொண்டால் தீர்ப்போம் என்பது அவர் கொண்ட உறுதி. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1862-இல் வெளிவந்தவர்களுள் மகாதேவ கோவிந்த ரானடேயும், ஆர். ஜி. பண்டார்க்கரும் இக்கல்லூரி மாணவர்கள்.

ஆயினும் அக்காலத்தில் கல்லூரியின் வாயில் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடியிற் பிறந்த அம்பேத்கர் 1908-இல் இங்கே சேர்ந்தார். பரோடா மன்னர் மாதந்தோறும் அளித்த 25 ரூபாய் உதவிச் சம்பளம் அவர் படிப்புக்குத் துணைநின்றது. 1912-இல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். அறிவு இருந்தும் பொருள் இன்மையால் கல்வி தடைப்படலாகும் என்பதையும், சிறு உதவியும் நாட்டின் வரலாற்றை மாற்றவல்லது என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

கல்லூரி முன்பு பைகுல்லாவில் இருந்தது. இன்றைய காலாகோடாக் கட்டடத்துக்கு 1880-களின் இறுதியில் மாறியது. 2019-இல் உருவான டாக்டர் ஹோமி பாபா அரசுப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. கலை, அறிவியல், வணிகவியல் ஆகிய துறைகள் இங்கே கற்பிக்கப்படுகின்றன.

மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மின்சார ரயிலேறிக் கோட்டைப் பகுதிக்கு அலுவலகம் செல்லும் தமிழர் பலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களும் இந்நகரில் உள்ளனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவரேனும் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக விழையும்போது, செல்வர் கல்லூரிகளின் கட்டணம் மலைக்க வைக்கலாம். அரசினர் கல்லூரியின் அருமை அப்போதுதான் புலப்படும். அது எவரும் இரங்கி அளிக்கும் தருமம் அன்று, பொதுமக்களின் உடைமை. தகுதியுடைய மாணவர் தயக்கமின்றி அதன் படியேறலாம். அதைப் பேணும் பொறுப்போ, எங்கு வாழினும் நம் அனைவருக்கும் உரியது.