கடல் இல்லாத ஊரில் ஒரு கடற்கரைப் பயணம்

கடற்கரை பார்க்க வேண்டும் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வேளாங்கண்ணி என்பார்கள், ராமேஸ்வரம் என்பார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடல் ஏது? வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் பருத்தியும் மக்காச்சோளமும் முந்திரியும் விளைகிற மானாவாரிப் பூமி. ஆனால் இங்கேயே ஒரு கடற்கரை இருக்கிறது, அதை ஒரே நாளில் பேட்டரி ஸ்கூட்டரில் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம் என்றால் நம்புவீர்களா சகோதரிகளே? நானும் என் நாத்தனாரும் போய்வந்தோம்.

சுமார் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியே பிரிந்து வந்த காலத்தில், கடல் இந்தப் பக்கம் உள்ளே புகுந்ததாம். பச்சைமலைப் பக்கத்துக் கெட்டிப் பாறைதான் அதற்குக் கரை. பிறகு மெல்ல மெல்லக் கிழக்கே பின்வாங்கியது. ஊட்டத்தூர், காரை பக்கம் இருப்பது மிகப் பழைய கடலடி மண். கருடமங்கலம் அதற்கு அடுத்தது. அரியலூர் அதற்கும் பிந்தியது. மேற்கிலிருந்து கிழக்கே வண்டி ஓட்டினால், கோடிக் கணக்கான வருஷங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம்! 1840களிலேயே வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து சிப்பி பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நமக்குத்தான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது.

இந்த இடங்களுக்கு டவுன் பஸ்ஸை நம்பிப் போனால் ஒன்றைப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். கார் வைத்தால் செலவு. பேட்டரி வண்டியில் ஒரு தடவை முழுக்கச் சார்ஜ் ஏற்ற ஏறக்குறைய மூன்று, நான்கு யூனிட் மின்சாரம், அவ்வளவுதான். கியர் கிடையாது, உதைத்துக் கிளப்ப வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய முழங்காலுக்கு இது பெரிய உபகாரம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சின்ன வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்தச் சுற்றுக்குப் புறப்பட வேண்டாம். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு பெரிய வண்டியிலேயே போங்கள். கடைக்காரர் நூற்றிருபது கிலோமீட்டர் ஓடும் என்றால், இரண்டு பேர் உட்கார்ந்து எதிர்க்காற்றில் போகும்போது அதில் கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். சிறுவாச்சூர் மதுரகாளி திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். நாங்கள் போனது வெள்ளி, கும்பிட்டுவிட்டுப் போனோம். அதன் பிறகு பெரிய சாலையை விட்டுக் கிழக்கே கிராமத்துச் சாலை. இந்த வண்டியில் ஒரு சங்கதி உண்டு: சத்தமே வராது. மயில் அகவுவதும் ஆட்டு மணியும் காதில் விழுகின்றன. ஆனால் ஆட்டுக்கும் நாம் வருவது தெரியாது, களை வெட்டப் போகிற கிழவிக்கும் தெரியாது! வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

சாத்தனூரில் கல்மரம். ஓடைக்கரையில் ஒரு முழு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். கரையிலே நின்ற மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து, கடல் மணலில் புதைந்து, மரச்சத்து போன இடமெல்லாம் மணற்சத்து ஊறிக் கல்லாகிவிட்டது. வயது பல கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கணுவும் பட்டையின் வரியும் அப்படியே தெரிகின்றன. "அண்ணி, நம்ம வீட்டு உத்தரம் மாதிரியே இருக்கு" என்றாள் நாத்தனார். கம்பிவேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள், நல்ல காரியம்.

காரை பக்கத்தில் இறங்கினால் வேறு உலகம். மழைநீர் அறுத்து அறுத்துச் செம்மஞ்சள் களிமண் மேடும் பள்ளமுமாய்ப் புல்பூண்டு இல்லாமல் கிடக்கிறது. வெயிலில் மண் மினுமினுக்கிறதே என்று பார்த்தால் ஜிப்சம், கண்ணாடித் தகடு போல. நடுநடுவே விரல் பருமனில், துப்பாக்கிக் குண்டு போலக் கல் துண்டுகள். அவை கணவாய் மீனின் பழைய சொந்தக்காரப் பிராணிகளின் உள்ளோடு என்கிறார்கள்.

கைமுறுக்குச் சுற்றியது போல இருக்கும் அம்மோனைட் கல்லும் இந்தப் பூமியில்தான் கிடைத்திருக்கிறது. உங்கள் பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் அதன் துளைக்குள் தெரியும் சக்கரத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அதுவும் இதே இனத்துக் கடல் பிராணிதான். 2020-ல் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே கூடிவிட்டது. வந்து பார்த்த நிபுணர்கள், அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்று சொன்னார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டதாம். எனக்கென்னவோ முட்டையைவிட இதுதான் அதிசயமாகப் படுகிறது.

கருடமங்கலத்தை நெருங்கும்போது வண்டியில் நாற்பது சதவீதம்தான் இருந்தது. ஒரு வீட்டில் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "கரண்டுதானக்கா, போட்டுக்குங்க. மோர் குடிக்கிறீங்களா?" என்றாள் அந்த மகராசி. வண்டியை உடனே சொருகவில்லை. ஓடிச் சூடான பேட்டரியை அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். எர்த் உள்ள மூன்று துளைப் பிளக்காகவும் இருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தோம். அவள் துணி துவைக்கிற கல்லைப் பார்த்ததும் நான் எழுந்து போய்த் தடவிப் பார்த்தேன். கல் முழுக்கச் சிப்பியும் நத்தையும்! இந்த ஊர்ச் சிப்பிக்கல்லை மெருகேற்றினால் அலங்காரக் கல்லாகும்; 'திருச்சிராப்பள்ளி மார்பிள்' என்றுகூடப் பெயர் வாங்கியிருக்கிறது. "எங்க மாமியார் காலத்துலேருந்து இதுலதான் துவைக்கிறோம், சோப்பு நல்லா நுரைக்கும்" என்றாள். மறுத்தும் கேட்காமல் அவள் பெண் குழந்தை கையில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு வந்தோம்.

அரியலூரை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். புழுதியும் கண்ணை மறைக்கும். இங்கே மட்டும் ஜாக்கிரதை: லாரியை முந்தவே வேண்டாம், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் அவசியம். கல்லங்குறிச்சியில் கம்பமே மூலவராக நிற்கிற கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதே ஊர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் உள்ளங்கையை விடப் பெரிய சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. அந்தச் சிப்பிதான் சுண்ணாம்புக்கல், அதுதான் சிமெண்ட். நம் வீட்டுச் சுவரில் அந்தக் கடல் இருக்கிறது. சிமெண்ட் இல்லாமல் வீடு இல்லை, வேலையும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்டிய கடற்கரை மறுபடி முளைக்காது. அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் 1980களில் ஒரு பிரம்மாண்ட டைனோசரின் எலும்புகளைக் கண்டு 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிருஹத் காயம், பெரிய உடம்பு. அந்த எலும்புகள் நொறுங்கிப் போய், இன்று படமும் எழுத்தும்தான் மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், குழந்தைகளை இப்போதே அழைத்துப் போய்க் காட்டுங்கள். பொறுக்கிப் பையில் போட்டு வர வேண்டாம், போட்டோ போதும். பொறுமையாகப் பார்க்க, வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மாலை ஐந்தரைக்கு வீடு சேர்ந்தபோது இருபத்திரண்டு சதவீதம் மிச்சம். கரைவெட்டி ஏரியை அன்று பார்க்க முடியவில்லை. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது; இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருவது குளிர்காலத்தில்தான். மார்கழியில் போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை நாத்தனார்தான் ஓட்டுவாளாம்.