அட்டைக்குள் ஒரு முகவரி

தில்லிக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தரியாகஞ்ச் நடைபாதைதான். பழைய புத்தகச் சந்தை அப்போது அங்கேதான் இருந்தது. 2019-ல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. ஒரு நாள் இரண்டு புத்தகங்கள் வாங்கி வந்தேன். ஒன்று தமிழ் நாவல். பெயர் எழுதிய முதல் தாளைக் கிழித்துவிட்டு எடைக்குப் போட்டிருந்தார்கள். கிழிந்த ஓரத்தில் 'அன்புடன்' என்ற சொல் மட்டும் தங்கியிருந்தது. யார் யாருக்குக் கொடுத்ததோ!

மற்றது ஆங்கிலப் புத்தகம். அதிலும் முதல் தாள் இல்லை. ஆனால் முன்னட்டையின் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கேடயம், மேலே ஒரு பறவை, அடியில் 'எக்ஸ் லிப்ரிஸ்' என்ற சொற்கள், அதன்கீழ் உடையவர் பெயர். அட்டையோடு ஒட்டியிருந்ததால் அந்தப் பெயர் பிழைத்துக்கொண்டது.

இந்தச் சீட்டைத்தான் 'புக் பிளேட்' என்கிறார்கள். 'எக்ஸ் லிப்ரிஸ்' என்பது லத்தீன் மொழி. 'இன்னாருடைய நூல்களிலிருந்து' என்று பொருள்.

இது பிறந்த இடம் ஜெர்மனி. காலம் 15-ஆம் நூற்றாண்டு. அச்சுக்கலையும் அங்கே அப்போதுதான் தலையெடுத்தது. கையால் எழுதிய நூல் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. அச்சில் வந்த பிரதிகளோ ஒன்றுபோல் இருக்கும். எது என்னுடையது என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டுமல்லவா? இக்லர் என்ற பாதிரியாரின் சீட்டில் வாயில் பூவைக் கவ்விய முள்ளெலி இருக்கிறது. ஜெர்மன் மொழியில் முள்ளெலிக்கு 'இகெல்' என்று பெயர். தம் பெயரையே படமாக்கிவிட்டார்! பிராண்டன்பர்க் என்பவர் புக்ஸ்ஹைம் மடத்துக்கு அளித்த நூல்களில், தேவதை ஒன்று கேடயம் ஏந்தி நிற்கும் சீட்டு உண்டு. 1480-ஐ ஒட்டிய மரச்செதுக்குப் படம் அது. கொடுத்தவரை மறவாதிருப்பதும் தொடக்கத்திலிருந்தே இந்தச் சீட்டின் வேலையாக இருந்திருக்கிறது.

புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், நியூரம்பர்க் அறிஞர் பிர்க்ஹைமருக்காக 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சீட்டு வரைந்தார். அதில் இரண்டு கேடயங்கள்: கணவர் வீட்டுச் சின்னமான மரம் ஒன்றில், மனைவி வீட்டுச் சின்னமான கடற்கன்னி மற்றொன்றில். இந்த நூல் எனக்கும் என் நண்பர்களுக்கும் உரியது என்ற பொருளில் லத்தீனில் இரண்டொரு சொற்களும் உண்டு. 'தொடாதே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வா, படி' என்று அழைத்த மனிதர்! அவர் 1530-ல் மறைந்தார். 1636-ல் அந்த நூலகத்தை இங்கிலாந்தின் அருண்டேல் பிரபு வாங்கினார். 1667-ல் பிரபுவின் பேரர் அதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்தார். பிறகு நூல்கள் சிதறின. ஆனாலும் ஒரு நூலின் அட்டையைத் திறந்து, 'இது பிர்க்ஹைமர் வீட்டுப் புத்தகம்' என்று சொல்ல முடிகிறது.

18-ஆம் நூற்றாண்டில் குடும்பச் சின்னங்கள் மிகுந்தன. ஜார்ஜ் வாஷிங்டன் வைத்திருந்ததும் அப்படிப்பட்டதே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொந்த விருப்பங்கள் படங்களாயின. எழுத்தாளர் ஜாக் லண்டன் ஓநாய் முகத்தையும், உளவியல் அறிஞர் பிராய்ட் கிரேக்கக் கதையின் ஈடிபஸையும் வைத்துக்கொண்டார்கள். பிராங்க்ஸ் என்பவர் 1897-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்ற சீட்டுகள் மட்டும் 30,000-க்கு மேல்.

நமக்கும் இது அந்நியமல்ல. ஏட்டுச்சுவடியின் முடிவில் எழுதியவர் பெயரும் முடித்த நாளும் குறிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. தஞ்சை சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜி மன்னர் சேகரித்த ஐரோப்பிய நூல்களில் அவருடைய கையொப்பத்தைக் காணலாம்.

அப்பா காலமானபின் அவருடைய புத்தகங்களை இரண்டு டிரங்குப் பெட்டிகளில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இங்கே கொண்டுவந்தேன். என் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். படிக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். எனக்குப் பின் இந்தப் புத்தகங்கள் எங்கே போகும் என்பதை யூகிக்க முடியாதவன் அல்ல நான். போகட்டும், பெயரில்லாமல் போக வேண்டாம் என்று தோன்றியது.

எட்டு வயதுப் பேத்தியிடம் ஒரு படம் போடச் சொன்னேன். "கொள்ளுத் தாத்தா ஊரில் என்ன இருக்கும், தாத்தா?" என்று கேட்டாள். வாய்க்கால், அரச மரம், அதன்கீழ் பிள்ளையார் என்றேன். வரைந்தாள். கீழே அப்பாவின் பெயர், ஊர், புத்தகங்கள் தில்லிக்கு வந்த ஆண்டு. அமிலமில்லாத தாளில் அச்சடித்து, கோதுமை மாவுக் கஞ்சிப் பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டினோம். பசை அதிகமானால் தாள் சுருங்கும், பூச்சியும் வரும். செலோடேப் கூடவே கூடாது, மஞ்சளாகிக் கறை படியும். பழைய பெயரோ முத்திரையோ இருந்தால் அதன்மேல் ஒட்டாமல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதுவும் ஒருவருடைய நினைவுதானே!

ஒட்டி முடித்த புத்தகம் ஒவ்வொன்றிலும் பேத்தி எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைப் படித்தாள். முப்பதாவது புத்தகம் வருவதற்குள் கூட்டாமலே படிக்க வந்துவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியிலும் பெரியவர் ஒருவரின் புத்தகங்கள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள்.