தண்ணீருக்கு முந்தி ஒரு பெர்மிட்

குளமும் குடியும் – தொடர் 9

ஒக்டோபரில் முதல் மழை நிலத்தை நனைத்ததும் வன்னியில் எல்லாரும் தேடுவது உழவு மெசினைத்தான். புழுதி விதைப்புக்காரர் மழைக்கு முன்னரே விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மற்றவர்கள் ஈரம் போகுமுன் உழுதாக வேண்டும். மெசின்காரர் முதலில் தன் வயலை உழுவார், பிறகு அண்ணன் தம்பிமாரின் வயலை, அதன் பிறகு பத்து ஏக்கரை மொத்தமாகக் கொடுத்த ஆளின் வயலை. இரண்டு ஏக்கரோடு தனித்து நிற்கும் பெண் தொலைபேசி எடுத்தால் "நாளைக்கு வாறன் அக்கா" என்பார். அந்த நாளை வர இரண்டு கிழமை போய்விடும். நவம்பர் அடைமழை தொடங்கும்போது அவளுடைய நெல் விரலளவுப் பயிராக வெள்ளத்துக்குள் நிற்கும். அதில் தப்பினால், தை மாதம் மழை விடுகிற நேரத்தில் கதிர் தள்ளத் தொடங்கும். அந்த நட்டம் வெள்ளத்தின் கணக்கில் எழுதப்படும், அல்லது வரட்சியின் கணக்கில். மெசின் முறை பிந்தியது எந்தக் கணக்கிலும் வராது.

போன கிழமை கல்மடுக் குளத்தில் நிறுத்தியிருந்தேன். 2009 ஜனவரியில், போரின் நடுவே, அதன் கட்டு உடைக்கப்பட்டதையும் பின்னர் திருத்தப்பட்டதையும் பார்த்தோம். வன்னியில் பெருங்குளமும் சிறுகுளமுமாகப் பலவற்றுக்குத் துருசும் வாய்க்காலும் திரும்பி வந்துவிட்டன. அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்பதை இந்தக் கிழமை பார்க்கலாம்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. இடம்பெயர்ந்த சனம் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இடையில் சனம் பகுதி பகுதியாக ஊர் திரும்பியது. வயல் பற்றைக்காடாகியிருந்தது, சில இடங்களில் கண்ணிவெடி. திரும்பிய குடும்பங்களில் பலவற்றுக்கு ஆண் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் இருப்பதாக 2010இல் அரசு தரப்பே சொன்னது: கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. கணவன் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாத பெண்களை அந்த எண்ணிக்கைக்குள் எப்படி அடக்குவது? அவர்கள் விதவைகளும் இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கீழே திரும்பி வருவேன்; விவசாயத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

ஊர் திரும்பியவர்கள் மண்ணைக் கிளறத் தொடங்கிய பத்தாண்டில் வானமும் ஒத்துழைக்கவில்லை. 2016இல் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது, 2017 நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போயின. 2020 டிசம்பரில் புரெவிப் புயல். 2021இல் வந்தது வானத்திலிருந்து இல்லை, கொழும்பிலிருந்து: இரசாயனப் பசளைக்கு ஒரே இரவில் தடை. நவம்பரில் அதை விலக்கிக்கொண்டபோது காலபோகத்துக்கு அடிப்பசளை இடும் காலம் கடந்திருந்தது.

இந்தப் பின்னணியில்தான் "காலநிலைக்குச் சீரமைவான விவசாயம்" என்ற பெயர்ப்பலகைகள் வன்னியில் முளைத்தன. உலக வங்கி 2019இல் 12.5 கோடி டொலர் கடனோடு பதினொரு மாவட்டங்களுக்குத் தொடங்கிய திட்டத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இடம்பெற்றன. பசுமைக் காலநிலை நிதியத்தின் பணத்தில் உலர்வலயத்தில் நடந்த இன்னொரு திட்டம் வவுனியாவையும் மன்னாரையும் தொட்டது. குளத்தைத் திருத்துவது, குறுங்கால நெல், நெல்லுக்குப் பின் தானியப் பயிர், தூவல் நீர்ப்பாசனம், மூடுபடை, சேதனப் பசளை. இந்தத் திட்டங்களின் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்பது நாளில் விளையும் பி.ஜி. 250 போன்ற நெல், மழை பிந்தும் ஆண்டில் ஒரு குடும்பத்தின் அரிசிப் பானையைக் காப்பாற்றக்கூடியது. அந்தப் பட்டியல் ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேரும் வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பயறை எடுத்துக்கொள்வோம். மாசியில் நெல் வெட்டிய பிறகும் வயலில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைக் குடித்தே அறுபது அறுபத்தைந்து நாளில் காய்த்துவிடும் பயிர் பயறு. தண்ணீர்ச் செலவு நெல்லுக்கு ஆவதில் சிறு பங்கு. வேர் முடிச்சுகள் மண்ணில் நைதரசனைச் சேர்த்துவிட்டுப் போகும், அடுத்த போகத்துப் பசளைச் செலவு குறையும். வெட்டு மெசின் வேண்டாம், காயைக் கையால் ஆயலாம். முதலும் குறைவு. தனித்து விவசாயம் செய்யும் ஒரு பெண்ணுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த பயிர் போல இருக்கும். தானியத்துக்குச் சந்தை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020இல் அரசு உழுந்து இறக்குமதியை நிறுத்தியபோது, உழுந்து கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டியதைத் தோசை சுட்ட எல்லாரும் அறிவோம்.

பிறகு ஏன் மாசியில் வன்னி வயல்கள் பெரும்பாலும் வெறும் தாளாகக் கிடக்கின்றன? மாடு. அறுவடை முடிந்ததும் மாடுகளை அவிழ்த்து விடுவது வழக்கம். தரவை குறைந்து, காட்டோரம் அடைபட்டுப்போன பிறகு மேய்ச்சலுக்கு மிஞ்சியது வயல்தான். ஒரு வயல்வெளியில் நூறு பேர் இருக்க, ஒருத்தி மட்டும் பயறு விதைத்தால் அது கட்டாக்காலி மாடுகளுக்கு விதைத்தது. இரண்டு ஏக்கரைச் சுற்றி வேலி அடைக்கிற செலவில் பயறின் வருமானம் கரைந்துவிடும். வெளி முழுவதும் சேர்ந்து விதைத்தால், மாட்டைக் கட்டும் திகதியை எல்லாரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே இது நடக்கும்.

அந்தத் திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகிறது. விதைப்புத் திகதி, துருசு திறக்கும் திகதி, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், மாடு கட்டுவது எல்லாமே அங்கேதான். சிறுபோகத்துக்கு இன்னும் இறுக்கம். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் என்று முடிவாகும், அந்த ஏக்கர் பங்கு பிரிக்கப்படும். காலநிலை மாறுகிறபோது ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியவை இவை. என்னைக் கேட்டால், வன்னியில் காலநிலைக்குச் சீரமைவான விவசாயத்தின் முக்கியமான கருவி சொட்டுக் குழாய் அல்ல, இந்தக் கூட்டம்தான்.

அதில் பேசுவது கமக்காரர் அமைப்பு. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு அது. பெண்கள் அதில் சேரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஊர் வழக்கம் வேறு. பெண்களுக்கென்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தனியே இருக்கிறது. பெண்களை வலுவூட்டும் உதவி எதுவானாலும் அந்தச் சங்கத்தின் வழியாக வருகிறது: கோழிக்குஞ்சு, தென்னம்பிள்ளை, கத்தரி மிளகாய் நாற்று, முன்னொரு காலம் தையல் மெசின். வயலும் வாய்க்காலும் கமக்காரர் அமைப்புக்கு, வீட்டுத்தோட்டம் மாதர் சங்கத்துக்கு. இந்தப் பிரிவினையை வெளிநாட்டுத் திட்டங்கள் உண்டாக்கவில்லை. இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல் பணத்தைக் கொட்டுகின்றன. வீட்டுத்தோட்டத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. 2022இல் எரிவாயுவும் மாவும் கிடைக்காத மாதங்களில் மரவள்ளியும் முருங்கையும் எத்தனை அடுப்பை எரிய வைத்தன என்பது தெரியும். ஆனால் இரண்டு ஏக்கர் வயலுக்கு உரியவளைக் கால் ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்குள் வைத்துவிட்டு, அறிக்கையில் பயனாளிகளில் பாதிப்பேர் பெண்கள் என்று எழுதுவது வேறு விஷயம்.

கூட்டத்தில் பேசப் பெண்களுக்குத் தெரியாது என்பவர்கள் பிலக்குடியிருப்பை நினைத்துப் பார்க்கலாம். 2017 ஜனவரி 31இல் முல்லைத்தீவு, கேப்பாப்புலவின் அந்தச் சிறு குடியிருப்பின் மக்கள், தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு விமானப்படை முகாமின் வாசலில் குந்தினார்கள். இரவு பகலாக முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். மார்ச் 1ஆம் திகதி காணி விடப்பட்டது.

ஆனால் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. கமக்காரர் அமைப்பில் பெயர் வருவதற்குக் காணி உறுதியோ பெர்மிட்டோ பெரும்பாலும் வழி திறக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. குடும்பத் தலைவன் என்று ஆணின் பெயருக்கு எழுதப்பட்டது. அவன் இறந்தால் மனைவி வாழும் காலம்வரை அனுபவிக்கலாம். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால், சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன் மகனை வைத்திருந்தது. 2022இல்தான் அந்த வரிசை திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டு.

இறந்தால் என்றேன். இறந்ததற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். போரின் கடைசி மாதங்களில் சரணடைந்தவனின், இராணுவத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டவனின் மனைவி அதற்கு எங்கே போவாள்? காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று 2010இல் ஒரு சட்டம் வந்தது. பல பெண்கள் எடுக்க மறுத்தார்கள். கையால் கொண்டுபோய்க் கொடுத்தவனை இறந்தான் என்று எழுதித் தருமாறு கேட்பதற்கு அவர்கள் தயாரில்லை. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி வந்தது. அதையும் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் உண்டு. இதை வாங்கினால் விசாரணைக் கோவை மூடப்பட்டுவிடும் என்ற பயம் வீண்பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கொட்டகை போட்டு இருந்த காணாமற்போனோரின் உறவுகள் கேட்டது சான்றிதழ் அல்ல, பதில். பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் ஒரு பெயர்மாற்ற விண்ணப்பம் தேங்கிக் கிடப்பதற்கும் நாட்டின் மிகப் பெரிய விடையில்லாக் கேள்விக்கும் இடையில் ஒரு கடதாசி தூரம்தான்.

தனியார் உறுதிக் காணி என்றாலும் சிக்கல் தீராது. வடக்குத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை பொருந்தும் பெண்ணுக்கு, சீதனமாக வந்த தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போயிருந்தால் அந்தச் சம்மதத்துக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பெயர் இல்லாததன் விலை பிறகு ஒவ்வொன்றாக வரும். பசளை மானியம் கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, பயிர்க் காப்புறுதியும் அந்தப் பதிவைப் பின்தொடர்ந்து வருகிறது. குத்தகைக்கு எடுத்து விதைத்தவளின் நெல் வெள்ளத்தில் அழுகினால், பல தடவை இழப்பீட்டுக்குப் பதிவில் இருப்பவர் காணிக்காரர். அவர் கனடாவில் இருக்கலாம்.

இந்தக் கணக்குக்கே வராத இன்னொரு சனம் உண்டு. 1958க்கும் 1977க்கும் பிறகு கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, மேட்டுக்காணிகளில் குடியேறியவர்கள். பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போனால் தெரியும். இரணைமடுவின் தண்ணீர் அவர்கள் குடியிருப்பைத் தாண்டிப் பள்ளத்துக்கு ஓடுகிறது. அவர்கள் பெண்கள் அந்தத் தண்ணீரில் விளையும் நெல்லுக்குக் கூலிக்குப் போகிறார்கள். குளத்தை எத்தனை கோடிக்குத் திருத்தினாலும் அவர்களுக்கு வருவது கூலி நாள் மட்டும். இவர்களுக்கு வேண்டியது ஆழமான விவசாயக் கிணறும் சூரியசக்திப் பம்பியும், அதற்கு முதல் அந்த மேட்டுக்காணிக்கே ஒரு பெர்மிட்டும்.

இனிக் கடன். பெர்மிட் தன் பெயரில் இல்லாதவளுக்கு வங்கியில் விவசாயக் கடன் எடுப்பது பெரும்பாடு. ஆனால் நுண்கடன் கொம்பனி வீட்டு வாசலுக்கே வந்தது. ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை, கிழமைக்குக் கிழமை கட்டுப்பணம். நெல் மூன்றரை மாதத்தில் ஒருமுறை காசு தரும், பயறு இரண்டு மாதத்தில். எந்தப் பயிரும் திங்கட்கிழமை தோறும் காசு காய்ப்பதில்லை. ஆகவே முதல் கட்டுப்பணத்துக்கே அடுத்த கொம்பனியில் கடன், அதற்கு நகை ஈடு. 2016–17 வரட்சியில் அந்தச் சங்கிலி கழுத்தை இறுக்கியது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 சதவீதம்வரை போன வட்டியைப் பற்றிப் பேசினார். அதே ஆண்டு நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்.

வரட்சியைத் தாங்கும் பயிருக்கு வரட்சியைத் தாங்கும் கடன் வேண்டும். அறுவடையில் கட்டுவதாக, போகம் தவறினால் அடுத்த போகத்துக்குத் தள்ளக்கூடியதாக. வடக்கில் அதைக் கொடுக்கத் தெரிந்தவை சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கங்கள். போருக்கு முந்திய பழைய சங்கங்கள் சில இன்னும் உயிரோடிருக்கின்றன, பெண்களே நடத்துபவையும் உண்டு. அவற்றின் கையில் உள்ள முதல் ஒரு பெரிய திட்டத்தின் வாகனச் செலவுக்குக்கூடக் காணாது. வெளியிலிருந்து வரும் பணத்தின் ஒரு பங்கையேனும் அந்தச் சங்கங்களில் சுழல்நிதியாகப் போடுவது பற்றி, எனக்குத் தெரிந்து, பெரிய திட்டம் எதுவும் மனம் வைத்து யோசிக்கவில்லை. நிதி கொடுப்பவர்கள் கேட்பது மூன்றாண்டில் காட்டக்கூடிய படங்களை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் படத்துக்கு அழகாக இருக்காது.

அடுத்த கிழமை: இரணைமடுத் தண்ணீரைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டமும் அதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த கதையும்.

(தொடரும்)