கார் ஒன்றுதான், பர்ஸ்தான் வேறு

எல்லோரும் ஒரே மாதிரி காரில் ஓட்டினால் திறமை மட்டுமே ஜெயிக்கும் என்பது நம்பிக்கை. ஆனால் அந்த ஒரே மாதிரி காருக்குள்ளும் பணம் நுழைய வழி கண்டுபிடித்துவிடுகிறது.

ஏரவாடா என்றால் பலருக்கும் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். 1932-ல் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும், அம்பேத்கருடன் பூனா ஒப்பந்தம் முடிவானதும் அங்கேதான். இன்று புனே நகரின் அந்தப் பகுதியில் சிறை மதிலைவிடப் பல மடங்கு உயரமாக சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவருக்கு கார் ரேஸ் ஓட்ட ஆசை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஊரும் பொருத்தமான ஊர்தான். பிம்ப்ரியில் டாடா, ஆகுர்டியில் பஜாஜ், சாக்கனில் ஃபோக்ஸ்வாகன், வண்டிகளைப் பரிசோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று புனேயைச் சுற்றி எங்கு திரும்பினாலும் மோட்டார் வாசனை. ஆனால் தேசியப் போட்டிகள் காலங்காலமாக நடந்துவருவது முக்கியமாக இரண்டு இடங்களில். ஒன்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை, மற்றொன்று கோவை செட்டிபாளையம். ஏரவாடாவிலிருந்து இரண்டுமே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஆக, காரில் உட்காருவதற்கு முன்பே செலவு ஆரம்பித்துவிடுகிறது. பயணம், தங்கும் இடம், லைசென்ஸ், நுழைவுக் கட்டணம், தீப்பிடிக்காத உடை, தரச்சான்று பெற்ற ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் சாதனம். இதற்கெல்லாம் பிறகுதான் எஞ்சின், டயர், மெக்கானிக். வங்கிக்கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அஸ்திவாரத்திலேயே கையிருப்பு கரைந்துவிடும்.

இதற்கு மருந்தாகத்தான் 'ஒரே வகைக் கார்' போட்டி என்ற யோசனை பிறந்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சேஸி, ஒரே டயர். எதையும் மாற்றக் கூடாது. அப்போது ஜமீன்தார் மகனும் சம்பளக்காரர் மகனும் ஒரே கோட்டில் நிற்பார்கள் என்பது கணக்கு. பிரிட்டனில் 1967-ல் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு இதற்கு நல்ல உதாரணம். சாதாரண ஃபோர்டு காரின் எஞ்சின், சாலையில் ஓடும் டயர், முழுக் காரின் விலை ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு. பின்னாளில் உலக சாம்பியனான அயர்டன் சென்னாவும் 1981-ல் இந்த வகைக் காரில் ஓட்டித்தான் மேலே போனார். ஆயிரம் பவுண்டு வரம்புதான் நிலைக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கதை இதைவிட சுவாரசியமானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதில்தான் 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. அம்பாசடரும் ஃபியட்டும் உறுமிக்கொண்டு ஓடிய அதே இடத்தில் 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா 1 காரைக் கொண்டுவந்து ஓட்டினார். கூட்டத்துக்கு அது திருவிழா. போட்டி என்ற வகையில் பார்த்தால், மாட்டுவண்டிப் பந்தயத்தில் ரயிலை விட்ட மாதிரி. வெளிநாட்டிலிருந்து கார் இறக்குமதி செய்ய முடிந்தவருக்கும் உள்ளூர் ஒர்க்ஷாப்பில் வண்டியைத் தட்டிக் கொட்டியவருக்கும் நடுவில் இருந்த தூரம் திறமையால் கடக்கக் கூடியதல்ல.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர் கோவையின் எஸ். கரிவரதன். தானே பந்தயக்காரர், தானே கார் வடிவமைப்பாளர். மாருதி 800-ன் எஞ்சினைப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கை கொண்ட சிறிய பந்தயக் காரை 1980-களின் இறுதியில் அவர் கோவையிலேயே உருவாக்கினார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. தெருமுனைக் கடையில் உதிரிபாகம் கிடைக்கும். உடைந்தால் ஊரிலேயே சரிசெய்யலாம். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற இந்தக் கார்களில்தான் ஒரு தலைமுறையே ரேஸ் கற்றுக்கொண்டது. நரேன் கார்த்திகேயன் அதில் தொடங்கி 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டியது எல்லோருக்கும் தெரியும். கரிவரதன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்து டிராக்குக்கு அவர் பெயரைச் சூட்டியவர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார், அவரும் பழைய பந்தயக்காரர். பின்னால் கோவையே எல்.ஜி.பி. ஃபார்முலா 4 காரையும் தந்தது. அதில் மாருதியின் 1300 சி.சி. எஞ்சின்.

இத்தனைக்குப் பிறகும் செலவு ஏன் இறங்கவில்லை? காரணம் இரும்பிலேயே இருக்கிறது. தொழிற்சாலையில் இருந்து வரும் எந்த இரண்டு எஞ்சினும் அச்சு அசல் ஒன்றல்ல. மாருதி 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நிஜத்தில் அது மயிரிழை கூடவோ குறையவோ இருக்கலாம், அந்த இடைவெளி அனுமதிக்கப்பட்டதுதான். பிஸ்டன் எடை, வால்வு உட்காரும் இடம், ஹெட்டின் தடிமன் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு இடைவெளி உண்டு. பணம் உள்ள அணி பத்து பிஸ்டன் வாங்கி எடைபோட்டு மூன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு பாகமும் விதிக்குள்தான் இருக்கிறது, ஆனால் எல்லாமே விதியின் சாதகமான ஓரத்தில் இருக்கிறது. இதில் திருட்டு எதுவும் இல்லை, பொறுமையும் பணமும்தான். கிடைக்கும் லாபம் சுற்றுக்கு இரண்டு பத்தில் ஒரு பங்கு விநாடி என்றே வைப்போம். பத்துச் சுற்றில் அது இரண்டு விநாடி. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்பது எண்பது மீட்டருக்கு மேல். பின்னால் வருபவர் கண்ணுக்கு முன்னால் போகும் காரின் நம்பர் தெரியாது.

அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்த்தாகிவிட்டது. அங்கே வார இறுதிப் பந்தயக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வகை 'ஸ்பெக் மியாட்டா'. மாஸ்டா நிறுவனத்தின் இரண்டு இருக்கை மியாட்டாவைப் பழையதாக வாங்கி, பாதுகாப்புக் கூண்டு பொருத்தி, எல்லோருக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே ஷாக் அப்சார்பர் கொடுத்து ஓட விடுவார்கள். எஸ்.சி.சி.ஏ. என்ற பழம்பெரும் கிளப் 2006-ல் அதை தேசிய வகுப்பாக்கியது. ஏழையின் ரேஸ் என்று பெயர் எடுத்த அந்த வகுப்பில், நாளடைவில் சிறப்பு எஞ்சின் தயாரிப்பாளர்கள் முளைத்தார்கள். பழைய காரின் விலையை எஞ்சினின் விலை தாண்டியது. 1.6 லிட்டர் மாடலும் 1.8 லிட்டர் மாடலும் சேர்ந்தே ஓடுவதால், ஒன்றுக்கு எடை கூட்டி, மற்றொன்றின் காற்றுப் பாதையைத் தகடு வைத்துக் குறுக்கிச் சமன் செய்தார்கள். யாருக்கு எத்தனை எடை என்பதே ஆண்டு முழுக்கச் சண்டை.

2014-ல் கலிபோர்னியாவின் லாகுனா சேகா டிராக்கில் தேசிய இறுதிப் போட்டி நடந்தது. முடிந்ததும் அதிகாரிகள் முன்வரிசைக் கார்களின் எஞ்சினைக் கழற்றினார்கள். சிலிண்டர் ஹெட்டில் வால்வுக்குக் கீழே உலோகம் சற்று வழவழப்பாக்கப்பட்டிருந்தது. கண்ணால் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, விரலை விட்டுத் தடவினால் தெரியும். முன்னணியில் முடித்த சில கார்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. பல ஓட்டுநர்களுக்குத் தங்கள் ஹெட்டில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது. நம்பிக்கையான கடையில் காசு கொடுத்து வாங்கியது, அவ்வளவுதான். பிறகு கிளப் விதியையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இதில் தண்டனை சரியா தவறா என்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் வேலை செய்த ஹெட்டோடு ஜெயித்துவிட்டால், அடுத்த சீசனில் மற்றவர்களும் அதையே வாங்க வேண்டும். ஜெயிக்க அல்ல, இருந்த இடத்தில் இருக்க.

அப்படியானால் எஞ்சினைப் பூட்டிவிட்டால் என்ன? அதையும் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் கார்ட்டிங் எஞ்சின் சீல் வைத்தே வருகிறது. அங்கீகாரம் பெற்ற மையங்கள்தான் திறக்கலாம். இந்தியாவிலும் சிறுவர்கள் பலர் இந்த எஞ்சினில்தான் ரேஸுக்கு அறிமுகமானார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சீல் வைத்த எஞ்சின்களிலும் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நன்றாக இழுக்கும். ஆகவே வசதியுள்ள அப்பா நான்கைந்து எஞ்சின் வாங்கி, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்து, சிறந்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடுவார். அந்த மிச்சத்தை வாங்குபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை அறிந்துதான் ரோட்டாக்ஸ் தன் உலக இறுதிப் போட்டியில் வண்டியையும் எஞ்சினையும் தானே கொடுத்து, குலுக்கல் முறையில் பங்கிடுகிறது. என் கணக்கில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டதிலேயே நேர்மையான வழி இந்தச் சீட்டுக் குலுக்கல்தான்.

இன்னொரு வழி, காரை யாருக்கும் விற்காமல் கம்பெனியே வைத்துக்கொள்வது. ஓட்டுநர் கட்டணம் கட்டி, ஹெல்மெட்டோடு வந்தால் போதும். டி.வி.எஸ். 1994-லேயே மோட்டார் சைக்கிளில் இப்படி ஒரு போட்டியைத் தொடங்கியது. கார் வாங்கவே வழியில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் படி. புனே சாக்கனில் ஆலை வைத்திருக்கும் ஃபோக்ஸ்வாகன் 2010-ல் போலோ கோப்பையைக் கொண்டுவந்தது. எல்லாக் கார்களையும் கம்பெனி ஆட்களே பராமரித்தார்கள். டொயோட்டாவும் எட்டியோஸை வைத்து ஒரு போட்டி நடத்தியது. இதில் உள்ள சிக்கல் வேறு விதமானது. கோப்பை நடப்பது காரை விற்பதற்காக. மாடல் மாறினால் கோப்பையும் மாறும், விளம்பர பட்ஜெட் குறைந்தால் கோப்பையே இருக்காது. எட்டியோஸ் போட்டி சில சீசன்களோடு நின்றுபோனது. இரண்டு வருடம் சேமித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பும் ஏரவாடா இளைஞருக்கு அந்தப் போட்டி காத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தய டயர் புதிதாக இருக்கும் முதல் சில சுற்றுகளில்தான் அதிகப் பிடிமானம் தரும். தகுதிச் சுற்றுக்கு ஒரு செட், போட்டிக்கு ஒரு செட் என்று மாற்ற முடிந்தவர் முன்வரிசையில் நிற்பார். ஒரு வார இறுதிக்கு இத்தனை டயர்தான் என்று வரம்பு வைத்து, ஒவ்வொன்றிலும் அடையாளம் குத்திவிட்டால் இந்தச் செலவு அன்றே அடங்கும். சுலபமான, மலிவான விதி இதுதான். பிடிமானம் குறைந்த, நீண்ட நாள் உழைக்கும் டயரைக் கட்டாயமாக்குவது இன்னும் நல்லது. வேகம் கொஞ்சம் குறையும். எல்லோருக்கும் சேர்ந்துதானே குறைகிறது.

எந்தப் பரிசோதகராலும் அளக்க முடியாத ஒன்று இருக்கிறது. அது பயிற்சி. போட்டிக்கு முந்தைய வாரங்களில் டிராக்கை வாடகைக்கு எடுத்து நூறு சுற்று ஓட்டிப் பார்த்தவருக்கு எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்பது உடம்பிலேயே பதிந்திருக்கும். செட்டிபாளையம் டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. கோவைக்காரர் சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் போய் ஓட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். புனேக்காரர் அதற்கு மூன்று நாள் லீவு போட வேண்டும். எஞ்சினுக்கு வைத்த சீல் இங்கே எதற்கும் உதவாது. ஃபார்முலா 1-லேயே 2009 முதல் சீசன் நடுவில் பயிற்சி ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். கோடிகளில் புரளும் அவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை என்றால் மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? போட்டி நாளைத் தவிர மற்ற நாள் ஓட்டத்துக்கு வரம்பு வைப்பது நம் அமெச்சூர் போட்டிகளிலும் முடியாத காரியமல்ல. ஆனால் டிராக் நடத்துபவருக்கு வாடகைதான் வருமானம், அவர் சும்மா இருப்பாரா என்பது வேறு கேள்வி.

புகார் செய்யும் உரிமை எல்லா விதிப் புத்தகத்திலும் இருக்கிறது. முன்னால் போனவரின் எஞ்சினைத் திறக்கச் சொல்லலாம். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும், சந்தேகம் பொய்யானால் பணம் போய்விடும். வீண் புகாரைத் தடுக்க அது தேவைதான். விளைவு என்னவென்றால், கையில் பணம் இல்லாதவரே அதிகம் ஏமாற்றப்படுபவர், புகார் கொடுக்க முடியாதவரும் அவரே. யார் புகாரும் இல்லாமலே, ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் குலுக்கலில் இரண்டு காரை எடுத்து அமைப்பாளர் செலவில் பிரித்துப் பார்க்கலாம். அடுத்த வாரம் நம் கார் வரலாம் என்ற பயம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

மேல்மட்டத்தில் பாதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இளம் ஓட்டுநர்களின் செலவைக் கட்டுக்குள் வைக்க 2014-ல் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா 4 வகையைக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் அது வந்து, 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் ஓடியது. ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனால் அந்தக் கார் பிரான்ஸிலிருந்து வருகிறது. அதன் மூக்கு உடைந்தால் கோவை லேத் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய 'லெமன்ஸ்' என்ற குறும்புத்தனமான நெடுந்தூரப் போட்டி வேறு மாதிரி யோசித்தது. கார் 500 டாலருக்கு மேல் போகக் கூடாது, பாதுகாப்புச் சாதனங்கள் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பில்லைத் திருத்திக் காட்டுபவர்களை என்ன செய்வது? காரை அதே 500 டாலருக்கு அமைப்பாளர்களே வாங்கிக்கொள்ளும் உரிமையை விதியில் வைத்துவிட்டார்கள். குதிரைப் பந்தயத்திலும் கிராமத்து மண் டிராக்குகளிலும் வெகு காலமாக இருக்கும் பழக்கம்தான் இது. லட்சக்கணக்கில் செலவழித்து எஞ்சினைச் செதுக்கியவர், நிர்ணயித்த விலையை நீட்டும் அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கும். நம் ஊர் கேரேஜ்களில் இந்த விதியைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு யாருடைய காரை வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.