மேலே கயிறு பிடிப்பவர்

மனநல ஆலோசகர் ஒருவரின் ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். காலை பத்து மணிக்கு, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். பதினொன்றுக்கு, குடியை விட முடியாமல் தவிக்கும் ஒருவர். பன்னிரண்டுக்கு, தேர்வுப் பயத்தில் சோறு இறங்காத ஒரு மாணவி. வருகிற ஒவ்வொருவரும் மனத்தில் இருப்பதை அவரிடம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மாலையில் அறையைப் பூட்டும்போது அவர் மனத்தில் என்னவெல்லாம் தங்கியிருக்கும்? அதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்ப்போம்.

அவர்கள் தொழிலில் இதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சூப்பர்விஷன் என்பார்கள், தமிழில் மேற்பார்வை. சொல்லைக் கேட்டதும் கட்டட வேலையில் நிற்கும் சூப்பர்வைசரோ, தேர்வுக்கூடத்தில் சுற்றிவரும் கண்காணிப்பாளரோ நம் கண்முன் வருவார். இங்கே நடப்பது வேறு. வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஓரிரு முறையோ, ஓர் ஆலோசகர் அனுபவமுள்ள இன்னோர் ஆலோசகரின் எதிரே உட்கார்ந்து, தன்னிடம் வருகிறவர்களின் அடையாளம் வெளிப்படாதபடி தன் வேலையைப் பற்றிப் பேசுகிறார். எங்கே தடுமாறினேன், எது புரியவில்லை, எது வீடுவரை கூடவே வந்தது என்று சொல்கிறார். 1920இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மருத்துவமனையைச் சுற்றித்தான் இது பயிற்சியின் கட்டாயப் பகுதியாக உருப்பெற்றது. பிரிட்டனின் ஆலோசகர் சங்கம், தன் அங்கீகாரம் பெற்றவர்கள் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கும் அதே விதிதான்.

மேற்பார்வையில் பல வழிகள் உண்டு. நாம் இன்று பார்ப்பது, அட்டாச்மென்ட் என்ற கருத்தின்மேல் எழுந்த வழி. தமிழில் பிணைப்பு எனலாம். அந்தக் கருத்தைத் தந்தவர் ஜான் போல்பி என்ற லண்டன் மனநல மருத்துவர். அவரும் ஒரு காலத்தில் மேற்பார்வையின் கீழ் பயின்றவர்தான். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1938இல் போல்பி குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வு பயின்றுகொண்டிருந்தார். அவருடைய மேற்பார்வையாளர், அந்தத் துறையில் பெரும்புகழ் பெற்ற மெலனி கிளைன். ஓரிடத்தில் நிற்காத மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு போல்பி சிகிச்சை தந்துவந்தார். அவனை அழைத்துவரும் தாய் வெளியே காத்திருப்பார். அந்தப் பெண் கடும் பதற்றத்தில் இருப்பது போல்பியின் கண்ணில் பட்டது. அவரோடு பேச விரும்பினார். கிளைன் அனுமதிக்கவில்லை, அவருடைய முறையில் பார்க்க வேண்டியது குழந்தையின் உள்மனத்தை மட்டுமே. மூன்று மாதத்தில் அந்தத் தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பையனை அழைத்துவர ஆளில்லையே, இனி வேறொரு குழந்தையைத் தேட வேண்டுமே என்பதுதான் கிளைனின் கவலையாக இருந்தது என்று போல்பி பின்னாளில் நினைவுகூர்ந்தார். தான் கண்டதைச் சொல்லியும் அதற்கு இடம் கிடைக்காத ஒரு மாணவரை இங்கே பார்க்கிறோம்.

பிறகு போல்பி, குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள உறவையே தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். அவரோடு உழைத்த மேரி எய்ன்ஸ்வொர்த், 1950களில் உகாண்டா கிராமங்களிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் கவனித்தார். அவர் கண்டதை நம் வீட்டிலும் பார்த்திருப்போம். தவழும் குழந்தை மடியைவிட்டு இறங்கிப் போகும். நாலடி போனதும் திரும்பிப் பார்க்கும். அம்மா இருக்கிறாளா? இருக்கிறாள். இன்னும் நாலடி. குக்கர் விசில் அடித்தால் அலறிக்கொண்டு வந்து மடியில் முகம் புதைக்கும். அழுகை அடங்கியதும் மறுபடி இறங்கிவிடும்.

இதில் அந்த மடி இரண்டு வேலை செய்கிறது. பயந்தால் ஒதுங்கும் இடம் அதுதான். பயம் இல்லாதபோது, உலகத்தைப் பார்க்கக் கிளம்புவதற்குக் காலூன்றும் இடமும் அதுதான். ஆராய்ச்சியாளர்கள் இவற்றைத் தனித்தனிப் பெயரிட்டு அழைத்தாலும், குழந்தைக்கு இரண்டும் ஒரே மடி.

எல்லோருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணம் இங்கேதான் வருகிறது. ‘சாய இடம் கொடுத்தால் சொந்தக் காலில் நிற்க மாட்டார்கள்’ என்று நினைக்கிறோம். அழுததும் தூக்கினால் குழந்தை கெட்டுவிடும் என்கிறோம். புதிதாக வேலைக்கு வந்தவரை ஆரம்பத்திலேயே தனியாகத் தவிக்க விட்டால்தான் தேறுவார் என்கிறோம். கிணற்றில் தூர் வார இறங்குகிறவரை நினைத்துக்கொள்வோம். அவர் இடுப்பில் கயிறு. மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்கிறார். இறங்குகிறவருக்குத் தைரியம் போதாது என்று அந்தக் கயிற்றைப் பார்த்து நாம் சொல்வோமா? கயிறு இருப்பதால்தான் அவர் அடிவரை போகிறார். கயிறு பிடிப்பவர் அடிக்கடி வேறெங்கோ போய்விடுகிற ஆளாக இருந்தால், இறங்குகிறவர் பாதிக் கிணற்றிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எய்ன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. பால்டிமோரில் 26 குழந்தைகளை முதல் வருடம் முழுக்கக் கவனித்தார்கள். அழுகைக்கு உடனே வந்த தாய்மார்களின் குழந்தைகள், வருடக் கடைசியில் குறைவாகவே அழுதன. ஆய்வு சிறியது, அதை மறுத்தும் வாதங்கள் எழுந்தன. ஆனாலும், நம்பிச் சாய முடிந்தவர்தான் துணிந்து விலகிப் போகிறார் என்ற மையக் கருத்து பிணைப்பு ஆராய்ச்சியில் இன்றும் நிலைத்திருக்கிறது.

இப்போது ஆலோசகரின் அறைக்குத் திரும்புவோம். போல்பி, பிணைப்பு தொட்டில் முதல் சுடுகாடு வரை தொடர்வது என்றார். கரோல் பிஸ்டோல், எட்வர்ட் வாட்கின்ஸ் ஆகியோர் 1995இல் இந்தக் கருத்தை மேற்பார்வைக்குப் பொருத்திக் காட்டினார்கள். குழந்தைக்கு உலகத்தைப் பார்ப்பது என்றால் வாசற்படி தாண்டுவது. ஆலோசகருக்கோ, தன் வேலையில் தனக்கே பிடிபடாத இடத்துக்குப் போய் அதை வெளியே சொல்வது. ‘அவர் பேசும்போது எனக்கு எரிச்சல் வந்தது’, ‘அவர் அழுதபோது எனக்குத் தூக்கம் வந்தது’ என்று இன்னொருவர் முன்னால் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அது எளிதில் வருவதில்லை. நிக்கோலஸ் லடானியும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் இருந்த ஏறக்குறைய எல்லா ஆலோசகர்களுமே மேற்பார்வையாளரிடம் எதையாவது மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். அதிகம் மறைக்கப்பட்டது மேற்பார்வையாளரைப் பற்றிய மனத்தாங்கல்தான். மறைப்பது யாருக்கு நஷ்டம் என்று பார்த்தால், அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே முடியாத மூன்றாவது ஆளுக்கு, உதவி தேடி வந்தவருக்கு.

பிணைப்பை அறிந்த மேற்பார்வையாளர், மறைக்கும் விதத்தையும் கவனிப்பார். ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘நான் செய்தது சரிதானே மேடம்?’ என்று கேட்பார். அவருக்கு உடனே விடை கொடுப்பதைவிட, ‘உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று கேட்டு, அவர் தேடும்வரை கூடவே இருப்பது உதவும். இன்னொருவர் ‘எல்லாம் நன்றாகப் போகிறது சார்’ என்று ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்வார். அவரைத் துருவினால் இன்னும் உள்ளே போய்விடுவார். அவசரப்படாமல், வாரம் தவறாமல் இருந்தால் மெல்லத் திறப்பார். மூன்றாமவர் ராத்திரி பதினோரு மணிக்கும் நோயாளியின் போனை எடுப்பார். தன்னைக் கவனிக்க ஆளில்லாமல் வளர்ந்து, பிறரைக் கவனிப்பதையே வாழ்க்கையாக்கிக்கொள்ளும் இப்படியொரு போக்கை போல்பியே விவரித்திருக்கிறார். இந்த மூன்றாமவரிடம் முதலில், ‘நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?’ என்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். இளம் ஆலோசகரிடம் வரும் ஒருவர் மூன்று வாரமாக வரவில்லை. ஆலோசகரும் மேற்பார்வைக்கு அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேற்பார்வையாளர், ‘இன்று இங்கே வர உங்களுக்கு மனமில்லை போலிருக்கிறதே’ என்று மெதுவாகச் சொல்கிறார். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, ‘என்னால்தான் அவர் வராமல் போய்விட்டார் என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று பயந்தேன்’ என்கிறார் இளையவர். வராமல் போனவரும் இதே போன்ற பயத்தில்தான் ஒதுங்கியிருக்கலாம் என்பது அப்போது இருவருக்கும் தோன்றுகிறது. ஓர் அறையில் நடப்பது அடுத்த அறையிலும் இப்படி நிழலாடுவதை ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955லேயே எழுதியிருக்கிறார்.

இதைச் செல்லம் கொடுப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்பார்வையாளர் அம்மாவும் இல்லை, இளையவருக்குச் சிகிச்சை தருபவரும் இல்லை. தவறு நடந்தால் தவறு என்று சொல்வார். நோயாளிக்கு ஆபத்து என்றால் உடனே தடுப்பார். தகுதியை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். கயிறு பிடிப்பவர் ‘போதும், மேலே வா’ என்று சொல்லக்கூடியவராகவும் இருக்க வேண்டும். அவரும் தவறுவார்: வார்த்தை கடுத்துவிடும், மனம் வேறெங்கோ இருக்கும். அடுத்த வாரம் அதை அவரே எடுத்துப் பேசிச் சரிசெய்தால் நம்பிக்கை கூடும். உறவு நன்றாக அமைவதற்கு இளையவரின் இயல்பைவிட மேற்பார்வையாளரின் இயல்பே முக்கியம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பொறுப்பு பெரியவரிடம் இருந்து தொடங்குகிறது.

மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் என எங்கே ஆலோசகர்களை வைத்திருந்தாலும், அதை நடத்துகிறவர்கள் அவர்களுக்கு இந்த மேற்பார்வை நேரத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனால், ‘உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆலோசகர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் கிணற்றுக்குள் இறங்கப் போகிறவரின் கயிற்றை மேலே யார் பிடித்திருக்கிறார் என்று அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.